வால்ட்டர் சொன்ன லைம்

அன்று அந்தப் புல்தரையில் நின்றவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி செல்வி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நர்ஸ் உடையில். எங்கள் மகள் நித்யா, ஆறு வயது, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். பக்கத்து வீட்டு வால்ட்டர், எழுபதைத் தாண்டியவர். அவர் போன் செய்து வரவழைத்திருந்த போலீஸ்காரர், இளவயது. வாடகை செக் வாங்க வந்து, போலீஸ் காரைப் பார்த்ததும் தன் காரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்த எங்கள் வீட்டு ஓனர் டாக்டர் சார். மனிதர்கள் ஆறு பேர். இவர்களைத் தவிர வால்ட்டரின் நாய், வாயெல்லாம் சிவப்பாக. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழப் பாதிகள் ஏழு. எட்டு இருந்திருக்க வேண்டும். எட்டாவது எங்கே போனது என்பது நாயின் வாயைப் பார்த்தாலே தெரிந்தது.

இது நடந்தது தொண்ணூற்றாறாம் வருஷம் செப்டம்பர் மாதம், நியூஜெர்சியில். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு முன்னால் இருக்கிற புல் சும்மா முளைத்த புல் இல்லை. கரூரில் வாசலில் புல் முளைத்தால் பிடுங்கிப் போடுவோம். பிடுங்காத வீட்டைப் பார்த்து, இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். இங்கே அதே புல்லுக்கு உரம், மருந்து, தண்ணீர், முடிவெட்டு. ஒரு வாரம் வெட்டாமல் விட்டால்தான் ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். இது புரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்த வருஷம் ஏப்ரலில்தான் டாக்டர் சாரின் பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அவர் பெரிய வீடு கட்டிக்கொண்டு வேறு பக்கம் போயிருந்தார். செல்வி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம், நித்யாவின் ஸ்கூல் தெருக்கோடியில். எங்களிடம் இருந்தது ஒரே கார், அதை நான் கிடங்கு வேலைக்கு எடுத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கிற வீடு எங்கள் வாடகைக்கு வேறு எங்கும் கிடையாது. விடுமுறை நாளெல்லாம் நான் தேடிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ஒப்பந்தம் நவம்பர் கடைசி வரைக்கும்தான். அதில் ஒரு வரி, புல்தரையை நாங்கள்தான் பராமரிக்க வேண்டும் என்று. செல்வி படித்துச் சொன்னாள். புல்தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் மழையில் புல் முழங்காலைத் தொட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாடு வைத்திருக்கிற யாராவது பார்த்தால் கண் வைப்பார்கள் என்று செல்வியிடம் சிரித்தேன். புல்லை வெட்டாவிட்டால் அபராதம் என்று ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பிலிருந்து கடுதாசி வந்தது. பதறிப்போய், கிடங்கில் கூட வேலை பார்க்கிறவரிடம் மெஷினை இரவல் வாங்கி, சக்கரத்தை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, இனி இரண்டு மாதத்துக்கு வளரவே கூடாது என்கிற மாதிரி மொட்டை அடித்தேன். பழனிக்குப் போய்வந்த தலை மாதிரி இருந்தது. ஜூலை வெயில் அந்த மொட்டையைப் பொசுக்கியது. குளிர்தேசத்துப் புல்லுக்குத் தன் நிழல்தான் குடை, மூன்று விரல் உயரத்துக்காவது அதை விட வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வால்ட்டர் சொல்லித்தான் தெரியும். ஆகஸ்டில் எங்கள் வாசல் சாக்கு விரித்த மாதிரி கிடந்தது. நிழல் விழுகிற இடத்தில் பாசி. வேலிக்கு அந்தப்புறம், வேலிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடுதான், அதற்கு அந்தப்புறம் வால்ட்டரின் தரை கம்பளம் மாதிரி.

அந்த மாத வாடகை வாங்க வந்த டாக்டர் சார் காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கினார்.

“என்னப்பா இது? கிரிக்கெட் பிட்ச் போட்டிருக்கியா?”

“இல்லீங் சார். கொஞ்சம் குட்டையா வெட்டிட்டனுங்.”

“இருபது வருஷமா இந்தத் தெருவுல எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. இங்க லானைப் பார்த்துதான் ஆளை எடை போடுவான். நவம்பர்ல வந்து பார்ப்பேன். பச்சையா இருந்தா ரெனியூ பண்றேன். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ. தப்பா எடுத்துக்காத.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது ஒன்றுதான் சரளமாக வரும். கவலைப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை பாருங்கள். ஏழாம் வகுப்போடு அப்பா என்னைச் சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டார். பதினாறு வருஷம் நூலுக்குச் சாயம் ஏற்றினேன். கூடவே, கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு மூட்டை சுமந்தேன். தோளில் இன்னும் அந்த இடம் தடித்துத்தான் இருக்கிறது. நர்ஸ் படித்த செல்விக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விசேஷ வீடுகளில் மற்றவர்கள் சொல்வார்கள்.

செப்டம்பர் முதல் வாரம், நான் வாசலில் உட்கார்ந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வால்ட்டர் வந்தார். அவரோடு அதுவரை கையசைப்பு மட்டும்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “யூ நீட் லைம்.”

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். ‘லைம், லைம்’ என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். நான்கு விரலைக் காட்டினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு என்று கையை வீசிக் காட்டினார். குளிர் வருவதற்குள் செய் என்றார். நான் “எஸ், எஸ், தேங்க்யூ” என்றேன். புரியாதபோது நான் சொல்கிற மூன்று வார்த்தைகள் அவை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனோம். அவசரக்காரன் என்று யாரும் சொல்லக்கூடாது, நான் சோதித்துப் பார்த்தேன். பழம் அடுக்கியிருந்த இடத்தில் பலகையைக் காட்டி நித்யாவை வாசிக்கச் சொன்னேன். மஞ்சளாகப் பெரிதாக இருந்ததற்கு லெமன் என்றாள். பச்சையாகச் சிறியதாக, நம்மூர்ப் பழம் மாதிரியே இருந்ததற்கு, “எல், ஐ, எம், ஈ. லைம், அப்பா” என்றாள். எனக்கு மயிர் சிலிர்த்தது. லைம் என்றால் எலுமிச்சை. நான்கு என்றால் நான்கு பழம். மூலைக்கு ஒன்று. வேறு எதற்கு ஒருவன் நாலு மூலைக்கு எலுமிச்சை வைப்பான்? இந்த வெள்ளைக்காரருக்குத் திருஷ்டி தெரிந்திருக்கிறது. அவர் வீட்டுக் கார் ஷெட் கதவுக்கு மேலே ஒரு குதிரை லாடம் அடித்திருப்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். அவர்களுக்கும் கண் உண்டு, படும், அதற்குப் பரிகாரமும் உண்டு.

செல்வி நம்பவில்லை.

“ஏங்க, அவரு நெசமாவே எலுமிச்சம்பழம்னு சொன்னாரா? இன்னொருக்கா கேளுங்க.”

“எத்தனை தடவை கேக்கறது? நாலு வெரலக் காட்டினாரு, மூலையக் காட்டினாரு. வேற என்ன கேக்கோணும்?”

“நம்மூரு கெணத்து மோட்டார் ரூம்ல திருஷ்டிக்கு வைக்கற மாதிரி பண்ணி வச்சு, நாளைக்கு எவனாச்சும் கேட்டா?”

“சொன்னதே அவருதான புள்ள. அவரே கேப்பாரா?”

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும்போது நான்கு பழத்தையும் நறுக்கிக் குங்குமம் தடவி, மூலைக்கு இரண்டு பாதியாக வைத்தேன். அதில் ஒரு மூலை வால்ட்டரின் தரையை ஒட்டியது. குலதெய்வத்துக்குப் பதினோரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தேன். பல வாரத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை நித்யா ஒரு சாக்ஸோடு ஓடிவந்து எழுப்பினாள். “அப்பா! டாக்’ஸ் மவுத் இஸ் ப்ளீடிங்!”

வெளியே வந்தபோது போலீஸ்காரர் ஒரு மூலையில் குனிந்து நின்றார். வால்ட்டர் நாயின் கழுத்தைப் பிடித்தபடி, முகம் வெளுத்து, என்னைப் பார்த்த பார்வையில் ஐந்து மாதக் கையசைப்பு அத்தனையும் இல்லாமல் போயிருந்தது. நாய் அவர் செருப்பின்மேல் சிவப்பாக வாந்தி எடுத்திருந்தது. போலீஸ்காரர் பேனாவால் ஒரு பாதியைப் புரட்டினார். இது ரத்தமா என்று கேட்டார்.

“நோ ப்ளட், நோ ப்ளட்” என்றேன். திருஷ்டிக்கு இங்கிலீஷ் என்ன? கண். கெட்ட கண். “ஃபார் ஐ. பேட் ஐ” என்று தெருவிலிருந்த வீடுகளையெல்லாம் கையால் சுற்றிக் காட்டினேன்.

அவர் நிமிர்ந்தார். நான் சொன்ன ‘ஐ’ அவர் காதில் ‘கய்’ என்று விழுந்திருக்கிறது; யார் அந்த பேட் கய், அந்தக் கெட்ட ஆள், எந்த வீடு என்று கேட்டு நோட்டைத் திறந்தார். நான் வாயைத் திறக்கத் திறக்க அந்தத் தெரு முழுக்கக் கெட்டவர்களாகிக் கொண்டிருந்தது. அப்போதுதான் டாக்டர் சாரின் கார் வந்து நின்றது.

அவர் போலீஸ்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இது என்ன முச்சந்தியா? என் வீட்டு வாசல்ல பலி போட்டு வச்சிருக்க? அந்த நாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் என் மேல வரும்யா. நவம்பர் வரைக்கும் எல்லாம் வேணாம். இந்த மாசத்தோட காலி பண்ணிடு.”

“சார், அவருதான் வைக்கச் சொன்னாருங்...”

“அவர் சொன்னாரா? ஒரு அமெரிக்கன், எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் தடவி வைன்னு உன்கிட்ட சொன்னாரா?”

நான் சொன்னது பொய் இல்லை, ஆனாலும் அங்கே நின்றவர்களில் நான் ஒருவன்தான் பொய்யனாக நின்றேன். செல்வி முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற அதே நிதானத்தில் பேசினாள். நாயின் வாயைத் திறந்து பார்த்தாள், ஈறு நன்றாக இருக்கிறது என்றாள். இந்தச் சிவப்புப் பொடியில் விஷம் எதுவும் இல்லை, என் நெற்றியில் இருப்பதும் இதுதான் என்று தொட்டுக் காட்டினாள். எதில் செய்தது என்று போலீஸ்காரர் கேட்டார்.

“மஞ்சளும் லைமும்” என்றாள் செல்வி.

லைம் மேலேயே லைமா என்று அவர் கையிலிருந்த பாதியைப் பார்த்தார்.

“நோ, நோ. இந்தப் பழம் இல்லை. இது வேற லைம். வெள்ளைப் பொடி. கல்லைச் சுட்டு எடுக்கிறது” என்று அவள் இங்கிலீஷில் சொல்லி முடிக்கவில்லை. வால்ட்டர் நாயின் கழுத்தை விட்டுவிட்டார். “தட் லைம்!” என்று கத்தினார். “ஐ மென்ட் தட் லைம்!”

விடுவிடுவென்று கார் ஷெட்டுக்குள் போனார். உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து எங்கள் காய்ந்த தரையில் போட்டு, சாவியால் ஓரத்தைக் கிழித்தார். வெள்ளையாகக் கொட்டியது. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். நம்மூர்ச் சுண்ணாம்பு மாதிரி கையைப் பொத்துப்போக வைக்காது, சாதுவான சரக்கு. ஆனாலும் சுண்ணாம்பு. பதினாறு வருஷம் என் தோளில் கிடந்தது. அந்தத் தெருவில் நின்றவர்களில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அதன் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. மண் புளித்திருக்கிறது, அமிலம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். புளித்த தண்ணீருக்கு என்ன போடுவார்கள் என்று அந்தப் பட்டறையில் கேட்டிருந்தால் ஏழாம் வகுப்புப் பையனே சொல்லியிருப்பான்.

வால்ட்டர் போலீஸ்காரரிடம், தவறு என்னுடையது, நான்தான் சொன்னேன் என்றார். பிறகு டாக்டர் சாரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். செல்வி பிற்பாடு எனக்குச் சொன்னது இது: நான் கூட நின்று பார்த்துக்கொள்கிறேன், நவம்பரில் புல் இல்லை என்றால் அப்போது இவரை அனுப்புங்கள். டாக்டர் சார் அவரிடம் சிரித்தார். என்னிடம், “நவம்பர் கடைசி ஞாயிறு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது” என்றார்.

நான்கு மூட்டை. அந்த நான்கு விரலின் அர்த்தம் அது. வால்ட்டர் ஏற்கெனவே எனக்காக வாங்கி வைத்திருந்தார், நான் வந்து வாங்கிக்கொள்வேன் என்று ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார். அடியிலிருந்து தூவிக்கொண்டே போகிற இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் கொட்டி மூலைக்கு மூலை தள்ளினோம். பிறகு விதை. அதில் ஒரு வகைக்கு நீலப்புல் என்று பெயர், பச்சையாகத்தான் இருக்கும். அது முளைக்க ஒரு மாதம் ஆகும், கூடவே சீக்கிரம் முளைக்கிற வேறொரு விதையும் கலந்திருக்கிறது, பயப்படாதே என்றார். பயப்படாதே என்று என்னிடம் சொல்வது மீனிடம் நீந்தாதே என்று சொல்வது. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். குருவி வந்தால் ஓடினேன். எட்டாம் நாள் தரையோடு முகத்தை வைத்துப் பார்த்தபோது, சவரம் செய்து இரண்டு நாளான தாடை மாதிரி ஒரு பச்சை தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் இருந்தது. அப்புறம்தான் செல்வியிடம் சொன்னேன்.

அக்டோபரில் தெருமரங்கள் இலையைக் கொட்டின. நாள் கணக்கில் மூடிக்கிடந்தால் இளம்புல் மூச்சு முட்டிச் செத்துவிடும். இலை வாருகிற பல்வாரியால் இழுத்தால் புல் வேரோடு வரும். கையால் பொறுக்கினேன். கிடங்கு வேலை முடிந்து வந்து, நானும் நித்யாவும் முட்டிபோட்டு, ஒவ்வொரு இலையாக. ஒருநாள் காலை புல் நுனியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் மிதிக்கப் போனேன். “டோன்ட் ஸ்டெப், அப்பா! வால்ட்டர் செட். உடைஞ்சிரும்” என்று நித்யா சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெயில் வந்து உறைபனி இறங்கும் வரை இருவரும் படியிலேயே நின்றோம்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பனி கொட்டியது. அந்தப் பருவத்தின் முதல் பனி. ஞாயிறு காலை திரைச்சீலையை விலக்கினால் என் தரையும் வால்ட்டர் தரையும் தெருவும் ஒரே வெள்ளை. மூன்று மாதம் நான் முட்டிபோட்டதெல்லாம் எங்கே? டாக்டர் சார் வந்து கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டபடி நின்றார்.

“எதைப் பார்க்கச் சொல்ற?”

“அடியில இருக்குதுங் சார். பச்சையா இருக்குதுங்.”

“அடியில என்ன இருக்குன்னு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது?”

நான் உள்ளே ஓடினேன். நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய தென்னை விளக்குமாறு ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்து, வாசல் கூட்டுகிற மாதிரியே, வேர் அசையாமல் மெதுவாக, நுனியால் பனியைத் தள்ளினேன். ஒரு கோலம் போடுகிற அளவுக்கு இடம் தெரிந்தது. பச்சை. ஈரமாக, படுத்துக்கிடந்து, விளக்குமாறு நகர்ந்ததும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. வால்ட்டர் தன் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்தவில்லை, ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் சார் குனிந்து இரண்டு புல்லை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“பேனா இருக்கா?” என்றார்.

அந்த வீட்டில்தான் இன்னமும் இருக்கிறோம். சுண்ணாம்புப் பணத்தைக் கொடுக்கப் போனபோது, புல் முளைக்கட்டும் என்றார் வால்ட்டர். முளைத்ததும், பனி தாண்டட்டும் என்றார். வசந்தத்தில் முதல் வெட்டு வெட்டிய அன்று போனேன், குழந்தைக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக்கொடு என்று கதவைச் சாத்திவிட்டார். வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அவர் கிளம்பியபோது நான் வேலையில் இருந்தேன். விலாசம் வாங்கி வைக்கவில்லை.

“சுண்ணாம்புக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா? வெத்தலை போடறவங்க பஸ்ல பக்கத்துல இருக்கறவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குவாங்க” என்கிறாள் செல்வி. ஊர் வழக்கத்துக்கு அவள் சொல்வது சரி. ஆனால் வால்ட்டர் இந்த ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்கிய சுண்ணாம்பால்தானே நான் இந்த வீட்டில் நின்றேன்? எனக்கு எந்த ஊர்க் கணக்கு என்று தெரியவில்லை. சாமி அலமாரியில் குலதெய்வத்துக்கு முடிந்த மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது, ஊருக்குப் போகத்தான் இன்னும் வாய்க்கவில்லை. அதன் பக்கத்தில் வால்ட்டருக்கான பணத்தோடு ஒரு கவர். மேலே தமிழில்தான் எழுதியிருக்கிறேன், எனக்கு அதுதான் தப்பில்லாமல் எழுத வரும்: வால்ட்டர், சுண்ணாம்பு நாலு மூட்டை, பாக்கி பதினோரு டாலர் தொண்ணூற்றிரண்டு சென்ட்.